கோயிலுக்கு ரெண்டு டிக்கெட்

என் மனைவி எங்கள் ஊரின் பெயரைச் சொல்லமாட்டாள். அவள் பிறந்தது புளியங்குடி, கல்யாணமாகி வந்தது சங்கரன்கோவிலுக்கு. வந்த நாளிலிருந்து இன்றுவரை இந்த ஊர்ப் பெயர் அவள் வாயில் முழுசாக வந்ததில்லை. பஸ்ஸில் ஏறினால், "கோயிலுக்கு ரெண்டு டிக்கெட்" என்பாள். பழைய கண்டக்டர்கள் பேசாமல் டிக்கெட்டைக் கொடுத்துவிடுவார்கள். புதிதாக வந்தவர் யாராவது, "எந்தக் கோயிலுக்கும்மா?" என்று கேட்டால், "கோயிலுக்குத்தான்" என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுவாள். அதற்கு மேலும் கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என்னைக் கைகாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

காரணம் நான்தான். எங்கள் ஊர்ச் சாமி பாதி உடம்பு சிவன், பாதி உடம்பு பெருமாள். அந்தச் சாமியின் பெயரைத்தான் எனக்கும் வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பெயரிலும் அதில் பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டின புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். சரி, பெயரைச் சொல்லவேண்டாம். அந்தப் பெயர் எந்தெந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறதோ அதையும் சொல்லக் கூடாது என்று அவளாகவே ஒரு படி மேலே போய்விட்டாள். அவள் இதை வாசிக்கக்கூடும் என்பதால் நானும் அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

இதை வைத்து அவளைப் பயந்த சுபாவக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தேரடிப் பக்கம் எங்களுக்கு ஒரு பாத்திரக்கடை இருக்கிறது. கல்லாவில் அவள் உட்கார்ந்திருந்தால் பேரம் பேச வருகிறவன் பாதி வார்த்தையை வாசலிலேயே விட்டுவிட்டு வருவான். கல்யாணத்துக்கும் சடங்குக்கும் பாத்திரம் வாங்குகிறவர்கள் அதில் பெயர் வெட்டித் தரச் சொல்வார்கள். பேனா மாதிரி ஒரு சின்ன மிஷின், கரண்டில் ர்ர்ர் என்று அதிரும். அதைப் பிடிப்பதில் என்னைவிட அவள் கெட்டிக்காரி. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், கீழே அன்பளிப்பு கொடுத்த மாமன் பெயர் எல்லாம் முத்து முத்தாக விழும். ஆனால் எங்கள் ஊரில் கல்லை எறிந்தால் என் பெயர்க்காரன் ஒருவன் மேல்தான் விழும். அப்படி ஒருவன் வந்து பெயரைச் சொன்னதும், "இந்தப் பேரை நீங்க போடுங்க" என்று மிஷினை என் பக்கம் தள்ளிவிடுவாள். இப்படியாக ஊரில் பாதி வீட்டுக் குடங்களில் என் பெயரை நானே கோணல்மாணலாக வெட்டிவைத்திருக்கிறேன்.

கல்யாணமான புதிதில் இது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு கேலியாகிவிட்டது. பிறகு மறந்தே போனது. சில வருஷங்களுக்கு முன்னால் கடையில் வைத்து நெஞ்சுவலி வந்து, என்னைத் திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடின அன்றைக்குத்தான் மறுபடியும் ஞாபகத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பெண் பெயர் கேட்டாள். என் மனைவி, "நம்ம ஊரு சாமி பேரு" என்றாள்.

"எந்த ஊரும்மா?"

"கோயிலு."

"எந்தக் கோயிலு?"

"கோயிலுதான். புளியங்குடிக்குக் கெழக்க."

ஸ்ட்ரெச்சரில் கிடந்த நான் மூக்கில் மாட்டியிருந்ததைத் தள்ளிவிட்டு என் பெயரை நானே சொன்னேன். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு நின்றாள். வேறு எந்த நாளில் சொன்னாலும் சொல்லலாம், இன்றைக்கு மட்டும் வாய் தவறிக்கூட வந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நெஞ்செலும்பை அறுத்து, ரத்தக்குழாயைச் சரிசெய்து, மறுபடியும் கம்பி போட்டுக் கட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து தேறுகிற வரைக்கும் எனக்கு ஒரே யோசனைதான். நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக ஒரு மனுஷியோடு குடும்பம் நடத்தியிருக்கிறோம். அவள் குரலில் நம் பெயர் எப்படி இருக்கும் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ? ஒருநாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேவிட்டேன்.

"ஏட்டி, ஒரே ஒரு தடவை எம்பேரைச் சொல்லேன். கேட்டுட்டு நிம்மதியாப் போயிருதேன்."

டம்ளரை டக்கென்று கீழே வைத்தாள். "போறதுக்கா சொல்லச் சொல்லுதீக? நல்லாருக்கே நீங்க கேக்குறது!" என்றவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். கஞ்சி ஆறிப்போனது. அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஆசை ஆசையாகத்தான் இருந்தது. ராத்திரி படுக்கப் போகும் முன் தழும்பு மேலே புற்றுமண் குழைத்துப் பூசுவாள். எங்கள் கோவிலில் பிரசாதமாகக் கொடுக்கிற மண் அது. எந்த நோவுக்கும் எங்களுக்கு அதுதான் முதல் மருந்து, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அப்படி அவள் விரல் நெஞ்சு மேல் ஊர்கிறபோதெல்லாம், இப்போது சொல்லிவிடுவாளோ என்று காத்திருப்பேன்.

சென்னையில் வேலை பார்க்கிற எங்கள் மகள்தான் கம்போடியாவை வீட்டுக்குள் கொண்டுவந்தாள். விடுமுறைக்கு வந்திருந்தபோது செல்போனில் ஒரு சிலையின் படத்தைக் காட்டினாள். தலையில் ஒரு பக்கம் சடை, மறு பக்கம் நீள மகுடம். நெற்றிக்கண்ணைக்கூடப் பாதிதான் செதுக்கியிருந்தார்கள். "இது எங்க இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். நான் நம் ஊர்ப் பக்கம் எங்கேயாவது இருக்கும் என்றேன். "கம்போடியா மியூசியத்துல" என்றதும் என் மனைவி போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"நம்ம சாமி அங்கன எப்பிடிப் போனாரு?" என்று கேட்டாள். "போயிக் கேட்டுட்டு வருவமா?" என்று விளையாட்டாகச் சொன்னேன். விளையாட்டு வினையாகி, டாக்டரிடம் சம்மதம் வாங்கி, மதுரையிலிருந்து கிளம்புகிற ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு நாங்களும் சேர்ந்துவிட்டோம். பெட்டியில் பாதி என் மாத்திரை, பாதி அவள் கட்டிய புளியோதரை. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியிலிருந்து ஊறுகாய் ஒரு பாட்டில். அதற்கு நடுவில் துணியில் முடிந்த புற்றுமண்.

நோம்பென் நகரத்தில் எங்களை அழைத்துப் போக வந்த வழிகாட்டி நாற்பது வயது மதிக்கத்தக்க, அந்த நாட்டுக் கெமர் இனப் பெண். இரண்டு பிள்ளைகளின் தாய். அவளுடைய இங்கிலீஷும் என் கடை இங்கிலீஷும் நன்றாக ஒத்துப்போயின. அவள் சொல்வதை நான் தமிழாக்கி என் மனைவிக்குச் சொல்வேன். என் மனைவி சொல்வதைக் கொஞ்சம் காரம் குறைத்து இங்கிலீஷாக்கி அவளுக்குச் சொல்வேன். ஆற்றங்கரை, அரண்மனை, நடுவில் ஒரு பள்ளிவாசல், காவி கட்டிய பிக்குகள், மார்க்கெட்டில் கருவாட்டு வாசனை, பக்கத்திலேயே பூக்கடை. எல்லாம் ஒரே தெருவில் இடித்துக்கொண்டு கிடந்தன. எனக்கு வேற்றூர் என்கிற நினைப்பே வரவில்லை. மார்க்கெட்டில் என் மனைவி ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி மோந்து பார்த்துவிட்டு, "பழம் சிறுசு, ஆனா மணம் இருக்கு" என்று தீர்ப்பு சொன்னாள். கடைக்காரிக்கு ஒரு சொல் புரியவில்லை, இருந்தாலும் தலையாட்டினாள். புளியங்குடிக்காரி எங்கே போனாலும் எலுமிச்சையை விடமாட்டாள்.

மியூசியம் சிவப்பு நிறக் கட்டடம். உள்ளே நடுவில் ஒரு முற்றம், குளம், அதில் தாமரை. வரிசையாகச் சிலைகள். எங்களோடு வந்தவர்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். என் மனைவி எதையும் பார்க்காமல் முன்னால் போனாள். ஒரு தூண் தாண்டித் திரும்பியதும் நின்றுவிட்டாள்.

அவர்தான். கைகள் உடைந்து போயிருந்தன. ஆனால் ஒரு பக்கம் சடையும் ஒரு பக்கம் மகுடமும் அப்படியே இருந்தன. முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. எங்கள் ஊரில் கூட்டத்தில் எக்கி எக்கிப் பார்த்தாலும் தீபாராதனை வெளிச்சத்தில் ஒரு நொடிதான் கிடைக்கும். இங்கே அவர் முன்னால் நின்றது நாங்கள் இரண்டு பேர்தான். தள்ளுமுள்ளு இல்லை, நகரச் சொல்ல ஆள் இல்லை. என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "கையைக்கூட ஒடச்சுட்டாங்களே பாவிக" என்றாள். கொஞ்சம் தள்ளி ஒரு கிழவி மல்லிகை மொட்டுகளைக் குச்சியில் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒன்று வாங்கிச் சாமியின் காலடியில் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எங்களைத் தேடி வந்த வழிகாட்டிக்கு ஆச்சரியம். புத்தர் முன்னால் பூ வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறாள். நேராக வந்து இந்தச் சிலையின் முன் நின்று அழுகிறவளைப் பார்த்ததில்லை. "உங்கள் ஊரிலும் இவர் இருக்கிறாரா?" என்று கேட்டாள். இருக்கிறார், அவருக்காகத்தான் ஊரே என்று நான் சொன்னேன். அப்போது அவள் என்னிடம் கேட்காமல் என் மனைவியிடமே திரும்பிக் கேட்டாள். "உங்கள் ஊரில் இந்தக் கடவுளுக்கு என்ன பெயர்?"

இங்கிலீஷில் 'நேம்' என்ற சொல் என் மனைவிக்கு நன்றாகத் தெரியும். பெயர் வெட்டுகிற பிழைப்பல்லவா. பதில் சொல்லத் துடிக்கிறாள், வாய் வரவில்லை. சட்டென்று என்னைக் கைகாட்டினாள். "சேம் நேம்" என்றாள்.

வழிகாட்டி என்னைப் பார்த்தாள், சிலையைப் பார்த்தாள். "இவரா?"

"எஸ். மை ஹஸ்பண்ட். ஹீ."

அவ்வளவுதான். அந்தப் பெண் இரண்டு கையையும் கூப்பி, நெற்றிக்கு மேலே உயர்த்தி, என் முன்னால் குனிந்து ஒரு கும்பிடு போட்டாள். அப்படி உயர்த்திக் கும்பிடுவது தெய்வத்துக்கும் ராஜாவுக்கும்தான் என்று பிறகு தெரிந்தது. பாதி விளையாட்டு, பாதி நிஜம் என்று எனக்குப் பட்டது. இந்தியாவிலிருந்து வந்தவர்களிடம் எதுவும் இருக்கலாம் என்று நினைத்திருப்பாள். பின்னாலேயே வந்து சேர்ந்த மதுரைக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் எனக்கு 'சாமி' என்றே பட்டம். "சாமி டீ சாப்பிடுமா? சாமிக்குச் சீனி போடலாமா?" என்று படுத்தி எடுத்துவிட்டார்கள். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

அங்கோர்வாட்டுக்குப் போகிற வழியில் வேனில் இன்னொரு வேடிக்கை. வழிகாட்டிக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. பேச்சுக்கு நடுவில் அடிக்கடி "பொங், பொங்" என்றாள். போனை வைத்ததும் என் மனைவி, "யாரு, பொங்குன்னா?" என்று விசாரித்தாள். புருஷன்தான் என்று தெரிந்தது. பொங் என்றால் என்ன அர்த்தம்? மூத்தவர், அண்ணன். கடைக்காரர், டிரைவர், தெரியாதவர், யாராக இருந்தாலும் பொங்தான். கட்டின புருஷனும் பொங்தான்.

"அடி ஆத்தி, அண்ணாச்சியவா கட்டிருக்கா?" என்று என் மனைவி கையைத் தட்டிச் சிரித்தாள். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, "இவளும் பேரைச் சொல்லலைல்லா? பாத்தீகளா? ஊரு ஒலகமெல்லாம் அப்பிடித்தான் இருக்கு. நீங்கதான் பேரு பேருன்னு கெடந்து அலையுதீக" என்றாள். வழியில் வயல் நடுவே ஒரு புற்று. அதற்குத் துணி கட்டி, முன்னால் ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் தெம்பு வந்துவிட்டது. இந்த நாட்டில் சாமியும் நம் சாமி, புற்றும் நம் புற்று, பெண்டாட்டிமாரும் நம்மைப் போலத்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். என் ஆசைக்கு அந்த வேனிலேயே மண் விழுந்தது என்று நினைத்தேன்.

அங்கோர்வாட்டைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? பெரிது என்பது சின்னச் சொல். அகழி தாண்டிப் போகிற கல்பாதையில் இரண்டு பக்கமும் பாம்பு உடம்பே கைப்பிடிச் சுவராக நீண்டு போகிறது. முடிகிற இடத்தில் ஏழு தலை விரித்து நிற்கிறது. பாம்புக்குப் பயந்தவர்கள் நேர்ந்துகொண்டு வருகிற கோவில் எங்களுடையது. என் மனைவி ஒவ்வொரு பாம்புத் தலையையும் கும்பிட்டுக்கொண்டே நடந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு மூச்சு இளைத்தது. நான் நிற்கும்போதெல்லாம் அவளும் நின்றாள். இளைப்பைக் காட்டிக்கொள்ளாமல் சிற்பம் பார்க்கிற மாதிரி நடித்தேன். அவள் அதை நம்பாமல், நம்பியதுபோல நடித்தாள்.

உள்ளே வடக்குப் பக்கம் ஒரு சின்ன அறைக்கு எங்களை வழிகாட்டி கூட்டிப்போனாள். நான்கு சுவர், மேலே கூம்பாகப் போகிற கூரை. சிலை எதுவும் இல்லை. இது எதிரொலி அறை என்றாள். சுவரில் முதுகை ஒட்டி நின்று நெஞ்சில் தட்டினால் கூரை திருப்பிச் சொல்லுமாம். கெட்டது கழியவேண்டும் என்று வேண்டிக்கொண்டு இந்த ஊர்க்காரர்கள் வந்து தட்டிக்கொள்வார்களாம். மதுரைக்காரர் ஒருவர் போய் நின்று தட்டினார். டம்... டம்... என்று கேட்டது. தவில் வலந்தலையில் ஒரு அடி போட்டு நிறுத்தியது மாதிரி இருந்தது. நெஞ்சு ஒரு மனுஷனுடையதாக இல்லை, அந்தக் கட்டடத்தினுடையதாக இருந்தது. எல்லாரும் சிறுபிள்ளைகளாகி வரிசையில் நின்று தட்டிப் பார்த்தார்கள்.

எனக்கும் கை துறுதுறுத்தது. ஒரு அடி முன்னால் வைத்தேன். என் மனைவி மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "அங்கன போயி நெஞ்சுல அடிக்கப்படாது. உள்ள கம்பி கெடக்கு." சொன்னது மெதுவாகத்தான். பிடி மட்டும் இரும்பு.

ஒரு இளவட்டம் தட்டாமல், வாயைக் குவித்து 'ஓ' என்று கத்திப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. கத்தின சத்தம் கத்தின இடத்திலேயே நின்றுவிட்டது. வழிகாட்டி சிரித்தாள். "வாயால் என்ன சொன்னாலும் இந்த அறை திருப்பிச் சொல்லாது. கை தட்டினாலும் வராது. நெஞ்சு மட்டும்தான்" என்றாள். நான் வழக்கம்போல அதைத் தமிழில் சொன்னேன்.

என் மனைவி என் கையை விட்டாள். "என்ன சொன்னா? இன்னொருக்கச் சொல்லுங்க."

சொன்னேன்.

"பேச்சு வெளிய போகாதாமா?"

"திரும்பி வராதுன்னு சொல்லுதா."

"அதான் கேக்கேன். இங்கன சொன்னது இங்கனயே அமுங்கிப் போயிருமாமா?"

எனக்கு இந்த விசாரணை எதற்கு என்று புரியவில்லை. ஆமாம், அப்படித்தான் என்று சொல்லிவைத்தேன். அவள் தானாகவே இரண்டு தடவை கையைத் தட்டிப் பார்த்தாள். கூரையை அண்ணாந்து பார்த்து, "ஏய்" என்று கூப்பிட்டாள். ஒன்றும் வரவில்லை. துணிக்கடையில் சேலையின் சாயம் போகுமா போகாதா என்று எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கிறவள், அந்தக் கல் அறையையும் அப்படிச் சோதித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூட்டம் அடுத்த முற்றத்துக்கு நகர்ந்தது. வழிகாட்டி வாசலில் நின்று எங்களைப் பார்த்தாள். என் மனைவி, "டூ மினிட்" என்று விரலைக் காட்டினாள். அந்தப் பெண்ணும் தலையசைத்துவிட்டு வெளியே போனாள். வாசல் பக்கம் போய் எட்டிப் பார்த்து, யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு என் மனைவி திரும்பி வந்தாள். என்னைச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். எனக்கு இப்போதுதான் விளங்கியது.

"வேண்டாம்ட்டி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அத்தனை வருஷம் ஏங்கிய ஆளுக்கு அந்த இடத்தில் பயம் வந்துவிட்டது. எனக்கு ஆயுசு குறையும் என்கிற பயம் இல்லை. சொல்லிவிட்டு அவள் எத்தனை நாள் தூங்காமல் கிடப்பாளோ என்கிற பயம்.

"சும்மா நில்லுங்க" என்று அதட்டினாள். பிறகு என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே என் பெயரைச் சொன்னாள்.

முழுப் பெயர். தட்டுத்தடுமாறித்தான் வந்தது. பழகாத வாய் அல்லவா. நடுவில் ஒரு இடத்தில் நின்று, எச்சில் விழுங்கி, மீதியைச் சொன்னாள். கடைசியில் 'ன்' வரவேண்டிய இடத்தில், மரியாதைக்கு 'ர்' போட்டுவிட்டாள். கோவிலில் சாமிக்குச் சொல்கிறபடி. சுவர் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் கேட்டது.

அடுத்த நொடியே அவள் உள்ளங்கை என் நெஞ்சில் வந்து விழுந்தது. தழும்பைத் தொடாமல், இடது பக்கமாக, பூவை வைக்கிற மாதிரி மெதுவாகத்தான் தட்டினாள். டம் என்று அறை முழுக்கக் கேட்டது. அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். பிறகு மறுபடியும் வைத்தாள். இந்தத் தடவை தட்டவில்லை. கையை அப்படியே வைத்து, தலையைச் சாய்த்து, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நெஞ்சு அடிக்கு" என்றாள். "ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகலட்டி" என்றேன். பேத்தி எடுக்கிற வயசில் வந்த கண்ணீரை மறைக்க அங்கே ஒரு சிற்பம்கூட இல்லை. அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். எனக்குக் கேலி செய்யாமல் இருக்க முடியவில்லை. "ஏட்டி, நீ சொன்னது எம்பேரா, சாமி பேரா? 'ர்' போட்டுட்டியே."

"உங்க பேரைத்தான் சொன்னேன்" என்றாள். "போதும். இனிமே கேக்கப்படாது." சொல்லிவிட்டு முன்னால் நடந்துவிட்டாள். வெளியே போனதும் கைப்பையிலிருந்து மத்தியான மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள், இன்னும் நேரம் ஆகவில்லை என்றாலும்.

மிச்ச நாளெல்லாம் எதைப் பார்த்தேன், எங்கே சாப்பிட்டேன் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. கோபுரத்தில் முகம் முகமாகச் செதுக்கிய கோவிலையும், சுவரை வேர் விழுங்கிக்கொண்டிருக்கிற கோவிலையும் பார்த்ததற்குப் போனில் படம் இருக்கிறது. ஒரு படத்திலும் நான் கேமராவைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மகள் சொல்லிச் சிரித்தாள்.

மதுரையில் இறங்கி ஊருக்குப் பஸ் ஏறினோம். கண்டக்டர் வந்தார். "கோயிலுக்கு ரெண்டு டிக்கெட்" என்றாள். புதுக் கண்டக்டர். "எந்தக் கோயிலுக்கும்மா?" என்று கேட்டார். அவள் என்னைக் கைகாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுபடியும் கடை திறந்த கொஞ்ச நாளிலேயே குருவிகுளம் பக்கத்திலிருந்து ஒரு வீட்டுக்காரர்கள் கல்யாணச் சீருக்கு எவர்சில்வர் குடம் எடுக்க வந்தார்கள். மாப்பிள்ளை பெயரைக் கேட்டேன். என் பெயர்தான். "இந்தப் பேரை நீங்க போடுங்க" என்று மிஷின் என் பக்கம் வந்தது. அதே பேச்சு, அதே தள்ளு. நானும் வாங்கி, குடத்தை மடியில் வைத்து வெட்ட ஆரம்பித்தேன். மிஷின் அதிர்வது கையில் ஏறி நெஞ்சுக்குப் போனது. என் நினைப்பு அந்தக் கல் அறையில் இருந்தது. வெட்டி முடித்துத் துடைத்துக் கொடுத்தேன். பெண்ணின் தகப்பனார் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, கடைசியில 'ர்' போட்டுட்டீகளே! மாப்ள பேரு கேட்டா சாமி பேரைல்லா வெட்டி வச்சிருக்கீக."

குனிந்து பார்த்தேன். ஆமாம், 'ர்'தான் போட்டிருந்தேன். எவர்சில்வரில் வெட்டினதை அழிக்க முடியாது. என் மனைவி கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். குடத்தை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து வாசித்துப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவுகளுக்கு வேற கொடம் எடுத்துக் குடுங்க" என்றாள். "இது கெடக்கட்டும். நம்ம வீட்டுக்கு ஆகும்."

இப்போது அந்தக் குடம் எங்கள் அடுப்படியில் இருக்கிறது. பெயர் வெட்டின பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பித்தான் வைத்திருக்கிறாள். தினமும் காலையில் எனக்கு மாத்திரை போட அதிலிருந்துதான் தண்ணீர் மொண்டு தருகிறாள்.